சாவி கொடுக்கிறவருக்குக் கடல் தெரிந்திருக்க வேண்டும்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

கடலோரத்தில் தங்குவதற்கு ஏற்றது பெரிய நட்சத்திர விடுதியா, ஒரு குடும்பமே நடத்தும் சின்ன விடுதியா என்பது தலைப்பு. எனக்கு முன் பேசிய எதிரணித் தோழி, சின்ன விடுதி மேல் மூன்று குறை சொன்னார். லிஃப்ட் இருக்காது, ஜன்னல் கீல் துருப்பிடித்திருக்கும், அறைக்கு அறை வேறுபடும். பெரிய விடுதி என்றால் எங்கே போனாலும் ஒரே மாதிரி அறை, நம்பிப் போகலாம் என்றார்.

லிஃப்ட் பற்றி அவர் சொன்னது சரி. மாடி ஏற முடியாத பெரியவர்களோடு போகிறவர்கள் அதைக் கேட்டுவிட்டுத்தான் அறை எடுக்க வேண்டும்.

துருவுக்கு வருகிறேன். அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகள் காற்றோடு வந்து ஜன்னலில் படிகின்றன. நீர் காய்ந்த பிறகும் உப்பு அங்கேயே நிற்கிறது. அந்த உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால் இரும்பு சீக்கிரம் அரிக்கிறது. பெரிய விடுதிக்கும் இதே உப்புக்காற்றுதான். நான் தங்கிய சின்ன விடுதியில் ஒரு ராத்திரி ஜன்னல் கிறீச்சிட்டது. ஒரு வார்த்தைதான் சொன்னேன். உரிமையாளரே எண்ணெய்க் கிண்ணமும் பழந்துணியுமாக வந்து, கீலைத் துடைத்து, இரண்டு சொட்டு விட்டு, கதவை நாலு முறை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

மூன்றாவது வாதம் கனமானது. 'எங்கே போனாலும் ஒரே மாதிரி அறை' என்ற எண்ணத்தை அமெரிக்காவில் பரப்பியவர்களில் முக்கியமானவர் கெம்மன்ஸ் வில்சன். 1951-இல் மனைவி, ஐந்து பிள்ளைகளோடு காரில் பயணம் போனார். வழியில் தங்கிய இடங்களின் தரமும், பிள்ளைகளுக்குத் தனியாகக் காசு கேட்டதும் அவரை வருத்தின. 1952-இல் மெம்ஃபிஸ் நகரில், பிறகு ஊர் ஊராகக் கிளை பரப்பிய ஹாலிடே இன் விடுதிகளில் முதலாவதைத் திறந்தார். ஒரு தகப்பனின் நியாயமான கோபம் அது; அதை மதிக்கிறேன். ஆனால் தோழி கவனிக்க வேண்டும்: அது நெடுஞ்சாலையில் ஓர் இரவு உடம்பைச் சாய்த்துவிட்டுப் போகிறவருக்கான ஏற்பாடு. அறையை ஒரே மாதிரி கட்டிவிடலாம். கடல் இடத்துக்கு இடம் வேறு, ஒரே இடத்திலும் நாளுக்கு நாள் வேறு. அங்கே எனக்கு வேண்டியது அந்தக் கரையை அறிந்த ஆள்.

நடந்ததைச் சொல்கிறேன். காலையில் என் ஆறு வயது மகனைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது. நடுவில் ஓர் இடத்தில் மட்டும் அலையே இல்லை; தண்ணீர் கொஞ்சம் கருத்து, அமைதியாகத் தெரிந்தது. பிள்ளைக்கு அதுதான் நல்ல இடம் என்று கைகாட்டினேன். திண்ணையைப் பெருக்கிக்கொண்டிருந்த விடுதிக்காரம்மா துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்து என் கையைப் பிடித்தார். "அங்க மட்டும் இறங்காதீங்க. அலை உடையாத இடத்துலதான் இழுப்பு."

கரைக்கு வந்த தண்ணீர் திரும்பிப் போகும் வழி அது. மாட்டினால் கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போட்டு ஓயக்கூடாது, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்த ஓட்டத்தைவிட்டு வெளியே வர வேண்டும், நீந்த முடியாவிட்டால் மிதந்தபடி கையைத் தூக்கி உதவி கேட்க வேண்டும் என்று என் மகனையும் நிறுத்தி வைத்துச் சொன்னார். தண்ணீர் ஏறும் நேரத்தையும் அவரே சொன்னார். இன்று 6 மணி என்றால் நாளை ஏறக்குறைய 6.50. நிலவின் போக்கால் தினமும் 50 நிமிடம்போலத் தள்ளிப்போகும் கணக்கு அது.

பெரிய விடுதியில் கொடி இருக்கும், பலகை இருக்கும், சில இடங்களில் உயிர்காப்பாளரும் இருப்பார். இருக்கட்டும், நல்லது. ஆனால் நான் எந்தப் பக்கம் இறங்கப் போகிறேன் என்று வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர், முதல் நாள் எனக்குச் சாவி கொடுத்த அதே அம்மா. சாயங்காலம் நாங்கள் திரும்பும்வரை அவர் கண் கடல் மேலேயே இருந்தது.

இரண்டு வருஷம் கழித்து அதே விடுதிக்குப் போனோம். செருப்பைக் கழற்றும் முன் மகன் திண்ணையில் நின்று கடலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தான். "அப்பா, இன்னைக்கு இழுப்பு இடது பக்கம் இருக்கு" என்றான்.

நடுவர் அவர்களே, இதை அவனுக்குக் கற்றுக்கொடுத்த விடுதிக்காகத்தான் உங்களிடம் தீர்ப்புக் கேட்கிறேன். நன்றி, வணக்கம்.