மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா எந்தக் கோயிலில்?

(பெரம்பூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, நண்பர்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

வணக்கம். மின்விசிறிச் சத்தத்தில் பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்கவில்லை என்றால் கையைத் தூக்குங்கள். ரயில் போகும்போது மட்டும் தூக்க வேண்டாம், அப்போது நானே நிறுத்திவிடுவேன்.

இன்றைய பேச்சுக்கு அழைப்பு அனுப்பியபோது, ‘மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா பற்றி’ என்று போட்டிருந்தேன். எங்கள் தெரு அக்கா ஒருவர் உடனே போன் செய்தார். “எந்தக் கோயில்ல தம்பி? ஆடி மாசம் முடிஞ்சிடுச்சே?” என்றார். அவர் மேல் தப்பில்லை. இந்தப் பக்கம் ஆர்கெஸ்ட்ரா என்றால் கூழ் ஊற்றிய அன்று இரவு மேடை போட்டுப் பாடுகிறவர்கள்தான். நான் சொல்ல வந்தது நியூயார்க்கில் ஐந்து பேர் சேர்ந்து ஆரம்பித்த குழு. அதன் தலைவர் ஜான் மெக்லாஃப்ளின், இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் பிறந்த கிதார்காரர். அப்போது அவர் ஸ்ரீ சின்மோயின் சீடர். மகாவிஷ்ணு என்பது குரு வைத்த பெயர். அதையே குழுவுக்கும் வைத்துவிட்டார்.

அவர்களுடைய முதல் ஆல்பம் ‘தி இன்னர் மவுண்டிங் ஃப்ளேம்’. 1971 ஆகஸ்டில் பதிவு செய்து, அந்த ஆண்டே வெளியானது. எட்டு உருப்படிகள், எதிலும் பாட்டுக் குரல் கிடையாது. ஜாஸ்-ராக் என்று சொல்லும் வகைக்கு இதை ஒரு மூலவர் மாதிரி வைத்திருக்கிறார்கள். வகையின் விளக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: ஜாஸில் வாசிப்பவன் மேடையிலேயே கற்பனை செய்வான், ராக்கில் ஆம்ப்ளிஃபையர் கத்தும். இரண்டையும் ஒரே வீட்டில் குடி வைத்தால் ஜாஸ்-ராக். இந்த வீட்டுக்கு அடித்தளம் போட்டவர்களில் முக்கியமானவர் ட்ரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸ். 1970-ல் வெளிவந்த அவருடைய ‘பிட்சஸ் ப்ரூ’வில் மெக்லாஃப்ளின் வாசித்திருக்கிறார். அதில் ஒரு உருப்படிக்குப் பெயரே ‘ஜான் மெக்லாஃப்ளின்’. முதலாளியே வேலைக்காரன் பெயரில் பாட்டு போட்டிருக்கிறார் என்றால் பாருங்கள்.

என் கைக்கு இது எல்பி இசைத்தட்டாக வரவில்லை. எல்பி இருந்த ஒருவரிடம் கெஞ்சி வாங்கி, ஒரு ரெக்கார்டிங் கடையில் 90 நிமிட கேசட்டில் ஏற்றச் சொன்னேன். ஒரு பக்கத்துக்கு 45 நிமிடம். ஆல்பமோ 46 நிமிடத்துக்கும் சற்று அதிகம். கடைக்காரர் கணக்குப் பார்க்கவில்லை. இரண்டாம் பக்கத்தில் அவர் பாட்டுக்கு வேறு யாருடைய பாட்டையோ போட்டுவிட்டார். ஆக, கடைசி உருப்படியான ‘அவேகனிங்’ என்னிடம் பாதியில் ‘டக்’ என்று நிற்கும். வருஷக்கணக்கில் அதுதான் முடிவு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது மட்டுமா, அந்த முடிவைப் பாராட்டி நண்பர்களிடம் பேசியும் இருக்கிறேன். “திடீர்னு நிறுத்துறான் பாரு, அதாண்டா தைரியம்!” பிறகு சிடியில் கேட்டபோதுதான் தெரிந்தது, தைரியம் அவர்களுடையது இல்லை, டேப் தீர்ந்துபோனது.

கேட்டவன் சொல்லும் கருத்து எதில் நிற்கிறது என்று அன்றைக்கு யோசிக்க ஆரம்பித்தேன். போன மாதம் எங்கள் வீட்டு மொட்டைமாடி அறையில் பதினொரு பேரைக் கூட்டி, அந்த ஆல்பத்தை முழுதாகப் போட்டேன். ஒரே ஒரு நிபந்தனை. ‘நல்லா இருக்கு’, ‘நல்லா இல்ல’ என்று யாரும் சொல்லக் கூடாது. எந்த இடம் என்று சொல்ல வேண்டும். இது என் கண்டுபிடிப்பு இல்லை. வியாசர்பாடியில் கால்பந்து பார்க்கிறவர்கள் பக்கத்தில் நின்று கேளுங்கள். மேட்ச் நல்லா இருந்தது என்று சொல்லிவிட்டு ஒருவரும் வீட்டுக்குப் போக மாட்டார்கள். “அந்தப் பந்தை லெஃப்ட்ல குடுத்திருக்கணும்” என்று இடத்தைச் சொல்லித்தான் சண்டை போடுவார்கள். பாட்டுக்கு மட்டும் ஏன் ‘சூப்பர்’ என்ற ஒரு வார்த்தையோடு எழுந்துவிடுகிறோம்?

முதல் உருப்படி ‘மீட்டிங் ஆஃப் தி ஸ்பிரிட்ஸ்’. ஐந்து பேரும் சேர்ந்து இடி மாதிரி நாலைந்து முறை இறக்கிவிட்டு, அப்புறம் கிதார் தனியாகச் சுற்ற ஆரம்பிக்கும். அந்த இடியிலேயே ஒருவர் எழுந்து போய்விட்டார். தலைவலியாம். அதையும் நான் கருத்தாகத்தான் எழுதி வைத்திருக்கிறேன். அவர் இடத்தைச் சரியாகக் காட்டிவிட்டார் அல்லவா.

‘வைட்டல் டிரான்ஸ்ஃபர்மேஷன்’ வந்தபோதுதான் அறை சூடானது. அது பில்லி காபமின் டிரம்ஸில் ஆரம்பிக்கும். பனாமாவில் பிறந்தவர், நியூயார்க்கில் வளர்ந்தவர், இருபுறமும் சமமாகப் பேசும் கை. எங்களோடு சட்டி மேளம் அடிக்கும் தம்பி ஒருவர் இருந்தார். பிளாஸ்டிக் நாற்காலியின் கைப்பிடியில் அவர் விரல் தானாகத் தட்ட ஆரம்பித்தது. இரண்டு சுற்று தட்டினார், தடுக்கியது. நிறுத்தினார். மறுபடி தட்டினார், அதே இடத்தில் தடுக்கியது. முகம் சிவந்துவிட்டது. “அண்ணா, திரும்பப் போடுங்க” என்றார். மூன்றாம் முறை வாயால் எண்ணிக்கொண்டே தட்டி, பிடித்துவிட்டார். பிடித்ததும் அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்: “எட்டு அடிச்சிட்டு ஒரு அடி கடன் வைக்கிறான்ணா. அடுத்த சுத்துல வட்டியோட கட்டிட்டு, மறுபடி கடன் வைக்கிறான்.”

ஒன்பது. அந்த உருப்படியின் தாளக்கட்டு ஒன்பது. மிருதங்கம் கற்கும் பக்கத்து வீட்டுப் பையன் உடனே “சங்கீர்ணம் அங்கிள்” என்றான். தகதிமி தகதகிட, நாலும் ஐந்தும். சரிதான். ஆனால் நான் அவனைவிட மேளக்காரத் தம்பியின் பேச்சைத்தான் குறித்து வைத்துக்கொண்டேன். பையன் சொன்னது அதன் பெயர். தம்பி சொன்னது அது நம்மை என்ன செய்கிறது என்பது. அந்தக் கடன் தீராததால்தான் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கிறது, உட்கார முடியவில்லை.

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். மகாவிஷ்ணு என்ற பெயர், சங்கீர்ணம் என்ற கணக்கு, இரண்டையும் சேர்த்து, “பார்த்தீர்களா, எல்லாம் நம்மிடம் எடுத்ததுதான்” என்று நான் சொன்னால் இந்த இடத்தில் கைதட்டல் கிடைக்கும். எனக்கு அந்தக் கைதட்டல் வேண்டாம். ஜாஸில் ஒன்பதெல்லாம் ஏற்கெனவே வந்தாகிவிட்டது. டேவ் புரூபெக் 1959-ல் ஒன்பதில் ஒரு உருப்படி போட்டார், அதை அவர் கேட்டது துருக்கியின் தெருவில் வாசித்தவர்களிடம். எண்ணத் தெரிந்த ஊர்கள் உலகத்தில் நிறைய இருக்கின்றன. மெக்லாஃப்ளின் நம் சங்கீதத்திடம் முறையாக வந்ததும் உண்மைதான். அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றுக்கொண்டார். 1970-களின் நடுவில் எல். சங்கர், ஜாகிர் உசேன், நம் விக்கு விநாயக்ராம் ஆகியோரோடு ‘சக்தி’ குழுவில் உட்கார்ந்தார். மின்சார கிதாரை வைத்துவிட்டுச் சாதாரண கிதாரோடு, கடத்துக்குப் பக்கத்தில், தரையில். அதே சக்தி, விக்குவின் மகன் செல்வகணேஷ் உள்ளிட்ட புதிய வரிசையோடு 2024-ல் கிராமி வாங்கியது. அந்தக் கதைக்கு இன்னொரு நாள் வேண்டும்.

‘தி டான்ஸ் ஆஃப் மாயா’வுக்கு வருகிறேன். எனக்கு இந்த ஆல்பத்திலேயே பெரிய புதிர் அதுதான். முதலில் கிதார் பத்து எண்ணிக்கையில் மெதுவாக, கொஞ்சம் பேய்க்கதை மாதிரி சுற்றும். நடுவில் திடீரென்று ஒரு ப்ளூஸ், அதாவது அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாட்டு வகை, வந்து ஆடிக்கொண்டு நிற்கும். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று நினைப்போம். கடைசியில் இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்து வாசிப்பார்கள், அச்சு அசலாகப் பொருந்தும். இதை நான் பல பேருக்கு விளக்க முயன்று தோற்றிருக்கிறேன். லோகோ ஒர்க்ஸில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒரு நிமிடத்தில் முடித்துவிட்டார். “பேசின் பிரிட்ஜ் கிட்ட ரெண்டு வண்டி பக்கத்துப் பக்கத்துல ஓடும் இல்ல? வேகம் ஒண்ணாயிடுச்சுன்னா அந்த வண்டி நிக்கிற மாதிரி தெரியும், ஜன்னல்ல இருக்கிறவன் மூஞ்சி தெரியும். அந்த இடம்பா இது.” கடற்கரையிலிருந்து ஆவடி வண்டியில் போனவர்கள் எல்லாருக்கும் அந்த மூஞ்சி தெரியும். எந்தப் புத்தகத்திலும் இதைவிட நல்ல விளக்கம் நான் படித்ததில்லை.

எல்லாரும் ரசித்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஆங்கிலோ இந்தியப் பெரியவர் ஒருவர் வந்திருந்தார். அந்தக் காலத்தில் ரயில்வே இன்ஸ்டிட்யூட் டான்ஸ்களில் ட்ரம்பெட் வாசித்தவர். ஆரம்பத்திலிருந்து கையைக் கட்டிக்கொண்டே இருந்தார். அவருடைய தீர்ப்பு: “இதுக்கு யார் மேன் ஆடுவாங்க? ஆட முடியாத ஜாஸ் எனக்கு ஜாஸ் இல்லை.” இடத்தைச் சொல்லுங்கள் என்றேன். “எல்லா இடமும்” என்றார். நிபந்தனைப்படி இது செல்லாது என்று இரண்டு பேர் கத்தினார்கள். எனக்கு என்னவோ செல்லும் என்றுதான் தோன்றியது. முப்பது வருஷம் கீழே ஆடுகிறவர்களின் காலைப் பார்த்துக்கொண்டே வாசித்த மனிதர் அவர். காலுக்கு இடம் கொடுக்காத தாளம் அவருக்கு மரியாதைக் குறைவு.

ஆனால் அவரே, ‘எ லோட்டஸ் ஆன் ஐரிஷ் ஸ்ட்ரீம்ஸ்’ ஓடியபோது கட்டிய கையை அவிழ்த்ததை நான் பார்த்தேன். அதில் டிரம்ஸும் பேஸ் கிதாரும் கிடையாது. சாதாரண கிதார், ஜான் ஹேமரின் பியானோ, ஜெர்ரி குட்மனின் வயலின், அவ்வளவுதான். லூர்து மாதா கோயில் பாடற்குழுவில் பாடும் அக்கா, வயலின் கிதாரை விட்டு மேலே ஏறும் இடத்தில் கண்ணை மூடிக்கொண்டார். இடம் கேட்டேன். “சொல்ல மாட்டேன்” என்றார். விட்டுவிட்டேன்.

அன்று கடுமையாகப் பேசியது கல்லூரியில் படிக்கும் பெண் ஒருவர். “எல்லாரும் ஓட்டப்பந்தயம் ஓடுறாங்க அங்கிள். ஒருத்தர் பேசி முடிக்கிறதுக்குள்ள இன்னொருத்தர் பேசுறார். எங்க சித்தப்பாங்க சொத்துப் பிரிச்ச மாதிரி இருக்கு.” சிரித்தோம், ஆனால் ‘தி நூன்வர்ட் ரேஸ்’ பற்றி அது சரியான குற்றச்சாட்டுதான். வேகமே பெருமை என்று ஆகிவிட்ட இடம் அது. இந்த வகையில் பின்னால் வந்த பல குழுக்கள் அந்தப் பெருமையை மட்டும் எடுத்துக்கொண்டு போனதில் எனக்கு நிறைய வருத்தம் உண்டு.

அந்தப் பெண்ணே என் மானத்தையும் வாங்கினார். ஏழாவது உருப்படி ‘யூ நோ யூ நோ’. நான் அதை எப்போதும் ஓட்டிவிட்டுப் போவேன். கிதார் ஒரே சின்ன வரியைத் திரும்பத் திரும்ப, தயங்கித் தயங்கி வாசித்துக்கொண்டிருக்கும். இடத்தை நிரப்பப் போட்டது என்று எழுந்து டீ போடப் போனேன். “அங்கிள், உட்காருங்க” என்றார். அவருக்கு அந்த வரி ஏற்கெனவே தெரியும், 1991-ல் ‘மாஸிவ் அட்டாக்’ என்ற ஆங்கிலக் குழு தங்கள் பாட்டு ஒன்றில் அதை வெட்டி எடுத்துப் போட்டிருக்கிறார்கள். “கிதாரைக் கேக்காதீங்க. கிதார் நடுவுல விடுற ஓட்டையைக் கேளுங்க. டிரம்ஸ் அங்கதான் பேசுது.” கேட்டேன். கிதாரின் வரி கதவு மாதிரி திறந்து திறந்து மூடுகிறது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் காபம் உள்ளே நுழைந்து ஒரு வாக்கியம் பேசிவிட்டுப் போகிறார், ஒரு முறை முணுமுணுப்பு, ஒரு முறை வெடி. இத்தனை வருஷமும் நான் கதவையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, யாரும் எழுந்திருக்கவில்லை.

கடைசியில் ‘அவேகனிங்’ ஓடியது. என் கேசட் நிற்கும் அந்த நொடி வந்தபோது என் தோள் தானாக இறுகியது. பாட்டு நிற்கவில்லை, போய்க்கொண்டே இருந்தது. சிடி வந்து எத்தனையோ வருஷம் ஆகிறது, இன்னும் என் உடம்பு அந்தக் கடைக்காரர் பேச்சைத்தான் கேட்கிறது.

அடுத்த மாதம் இவர்களுடைய இரண்டாவது ஆல்பம், ‘பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்’, 1973. முதல் உருப்படியே பதினெட்டில் போகிறது. மேளக்காரத் தம்பிக்கு அன்றைக்குக் கல்யாண ஆர்டர் இருக்கிறதாம், ஆகையால் எண்ணுவதற்கு வேறு ஆள் வேண்டும். ட்ரம்பெட் பெரியவரும் வருகிறேன் என்றிருக்கிறார். ‘லோட்டஸ்’ஸை இன்னொரு முறை போட்டால் மட்டும்.