46 பேருக்குச் சமையல்

நேயர்களே, வணக்கம். தைப்பூசக் காவடி முடிந்ததும் கோவிலில் வாழையிலை போட்டு ஏழு கறி பரிமாறுவார்களே, அந்தப் பந்தியிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் பள்ளியில் படித்த காலம். வாசலில் நின்று ஆட்களை எண்ணும் வேலை எனக்கு. கையில் ஒரு பழைய கருவி. கட்டைவிரலால் அமுக்கினால் ஒன்று கூடும். அதில் மூன்றே இலக்கங்கள். 999க்குப் பிறகு அமுக்கியதும் மூன்று சக்கரங்களும் ஒன்றாகப் புரண்டு 000 ஆகிவிட்டன. என் கண் காவடிகள் மேல் இருந்தது, கவனிக்கவில்லை. சமையற்கட்டுக்கு ஓடி, "46 பேர், பெரியம்மா" என்றேன். அண்டாவைக் கிளறிக்கொண்டிருந்த பெரியம்மா தலையைக்கூடத் தூக்கவில்லை. "வாசலில் கேட்கிற இரைச்சல் 46 பேர் போடுகிற இரைச்சலா? போய்ப் பார்த்துவிட்டு வா" என்றார். வந்திருந்தவர்கள் 1,046 பேர்.

பெரியம்மாவுக்கு உறுத்தியது. கணினிக்கு உறுத்தாது. இங்கே மொரீஷியஸில், எபெனில் இயக்குதள நிரல்களைச் சரிபார்க்கும் வேலையில் இத்தனை ஆண்டுகளாக என்னை விடாமல் பிடித்திருக்கும் கவலை இதுதான்.

எல்லா நிரல்களுக்கும் அடியில் இருந்து நினைவகத்தைப் பங்கிட்டுக் கொடுப்பது கெர்னல். எத்தனை உருப்படி, ஒவ்வொன்றும் எவ்வளவு பெரிது என்று பெருக்கித்தான் இடம் கேட்கிறோம். அங்கும் இலக்கங்களுக்கு எல்லை உண்டு. 32 பிட் எண், அதாவது 0, 1 மட்டும் எழுதும் 32 கட்டங்கள் கொண்ட எண், 4,29,49,67,295 வரை போகும், அடுத்தது பூஜ்யம். 1,07,37,41,824 உருப்படிகள், தலைக்கு 4 பைட் என்று பெருக்கிப் பாருங்கள்: விடை பூஜ்யம். கிடைப்பது 46 பேருக்கான சோறு. ஆனால் பரிமாறுகிறவர் உண்மையான எண்ணிக்கையை வைத்துப் பரிமாறிக்கொண்டே போவார். தரவு பக்கத்து இடத்தில் வழியும். அங்கே யாருடைய கடவுச்சொல் இருந்தாலும் சரி, கெர்னலின் சொந்தக் கணக்கே இருந்தாலும் சரி.

எண்ணிக்கையை அனுப்புகிறவர் வெளியாளாக இருந்தால் அது தாக்குதல். 2002இல், தொலைவிலுள்ள கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் ஓப்பன்எஸ்எஸ்எச் நிரலில் இப்படியொரு பெருக்கல்தான் ஓட்டையானது. அது கெர்னல் அல்ல, ஆனால் பிழை இதே பிழை. இப்போதுதான் எல்லாம் 64 பிட் ஆயிற்றே என்பார்கள். ஆனாலும் பெருக்கப்படும் இரண்டு எண்களும் 32 பிட் என்றால், பெருக்கலும் 32 பிட்டிலேயே நடந்து, விடை புரண்ட பிறகுதான் 64 பிட் என்ற பெரிய பாத்திரத்துக்கு மாறும்.

ஆகவே நிரல் எழுதுகிறவர்களுக்குச் சொல்கிறேன்: நினைவகத்தில் இடம் கேட்கும் கட்டளையின் அடைப்புக்குறிக்குள் கையால் பெருக்காதீர்கள். லினக்ஸ் என்ற இயக்குதளத்தின் கெர்னல் ஆவணமே இந்தப் பழக்கத்தைக் கைவிட வேண்டியவற்றின் பட்டியலில் வைத்திருக்கிறது. எண்ணிக்கையையும் அளவையும் தனித்தனியாக வாங்கிக்கொள்ளும் கேமல்லாக்_அரே என்ற கட்டளை, பெருக்கம் எல்லை மீறினால் இடம் தராது. முன்னால் ஒரு தலைப்பகுதி, அதன் பின் வரிசையாக உருப்படிகள் என்ற அமைப்புக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று கணக்கிட, 2018இல் லினக்ஸ் கெர்னல் நிரலாளர் கீஸ் குக் ஸ்ட்ரக்ட்_சைஸ் கொண்டுவந்தார். அதன் அழகு என்னவென்றால், கணக்கு எல்லை மீறினால் அது புரளுவதில்லை. இருப்பதிலேயே பெரிய எண்ணில் போய் நின்றுவிடும். அவ்வளவு இடம் எந்தக் கெர்னலிடமும் இருக்காது, கோரிக்கை அங்கேயே தோற்கும். என் கையிலிருந்த கருவி 999இலேயே சிக்கி நின்றிருந்தால், அன்றே நான் திரும்பிப் பார்த்திருப்பேன்.

நேரம் முடிந்தது என்று ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அப்பால் கையைக் காட்டுகிறார்கள். வரிசையில் எத்தனை உருப்படி என்பதை அமைப்பின் மேலேயே எழுதிவைத்து, மீறிப் பரிமாறும் கையை ஓடும்போதே பிடிக்க உதவும் கவுண்டட்_பை பற்றியும் சொல்ல எடுத்து வந்திருந்தேன். நிரல் எழுதும் பிள்ளைகள் அதன் பெயரையாவது குறித்துக்கொள்ளுங்கள். வணக்கம்.