தூக்கி எறியாதவர்களுக்கு ஒரு வணக்கம்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் 1976 பிப்ரவரியில் ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. 'கலெக்‌ஷன் த லார் ப்ரூட்' என்று பெயர்; 'பட்டை தீட்டாத கலையின் தொகுப்பு' என்று பொருள். ஓவியப் பள்ளியின் வாசலை மிதிக்காதவர்கள், மனநல விடுதிகளில் அடைபட்டவர்கள், ஆவிகள் சொல்லச்சொல்ல வரைந்ததாக நம்பியவர்கள் ஆகியோரின் படைப்புகளுக்கென்றே அமைந்த இடம் அது. படைத்தவர்களைப் போற்றுவோம். அவற்றைக் குப்பைக்குப் போகாமல் காத்தவர்களையும் இந்த மேடையில் போற்ற வேண்டும் என்பது என் ஆசை.

அலோயிஸ் கோர்பா அதே லோசானில் 1886-இல் பிறந்தவர். பாடகியாக ஆசைப்பட்டார். ஜெர்மனியில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. அங்கே பேரரசர் இரண்டாம் வில்ஹெல்மைத் தம் மனத்துக்குள்ளேயே காதலித்தார். 1918-இல் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர், 1964-இல் இறக்கும்வரை வீடு திரும்பவில்லை. பகலில் விடுதித் துணிகளுக்கு இஸ்திரி போடுவார். முதலில் ஒருவருக்கும் தெரியாமல்தான் வரைந்தார். பொட்டலம் கட்டிய காகிதங்களைத் தாமே தைத்து ஒட்டுப்போட்டுக்கொண்டார். வண்ணப் பென்சில் போதாதபோது பூவிதழ்களைக் கசக்கிச் சாறெடுத்தார். அரசிகள், காதலர்கள், ஓபரா மேடைகள்; எல்லோருக்கும் விழிப்பாவை இல்லாத முழு நீலக் கண்கள். அவருடைய ஓவியச் சுருள் ஒன்று 14 மீட்டர் நீளம்!

அவருடைய தொடக்ககால ஓவியங்களில் பெரும்பகுதி அழிந்துபோயிற்று. கிறுக்கல் என்று கருதினார்கள். 1941-இல் ஜாக்லின் பொரே-ஃபொரெல் என்ற இளம் மருத்துவர் அவரைச் சந்தித்தார். நோயாளி என்று மட்டும் பார்க்காமல், ஓவியர் என்று மதித்து மீண்டும் மீண்டும் வந்தார், ஓவியங்களைச் சேர்த்தார், அவற்றை வைத்தே தம் மருத்துவ ஆய்வேட்டை எழுதினார். அந்த ஒரு பெண்மணி வராமல் போயிருந்தால் அலோயிஸின் பெயர் நமக்கு எட்டியிருக்குமா?

பிரான்சின் மனநல விடுதி ஒன்றில் க்ளெமான் ஃப்ரேஸ் என்ற இளைஞரைச் சிறு அறையில் பூட்டினார்கள். கரண்டிக் காம்பைக் கொண்டு அந்த அறையின் மரச்சுவரையே செதுக்கினார். கரண்டியைப் பிடுங்கிக்கொண்டார்கள், மலச்சட்டியின் கைப்பிடியால் தொடர்ந்தார். அந்த மரப்பலகைகள் இன்று லோசானில் இருக்கின்றன. சுவிட்சர்லாந்தின் மனநல விடுதி ஒன்றில் இருந்த ஹைன்ரிஹ் அன்டோன் முல்லர் மரக்கிளைகளாலும் கந்தல் துணியாலும் கட்டிய மாபெரும் சக்கர இயந்திரங்களுக்கு அந்தப் பேறு இல்லை. புகைப்படங்கள்தாம் மிச்சம்.

இவற்றையெல்லாம் 1945 முதல் தேடித் திரட்டியவர் பிரெஞ்சு ஓவியர் ழான் துபுஃபே. ஒரு காலத்தில் மது வணிகம் செய்தவர். இவர்கள் பண்பாட்டின் நிழல்கூடப் படாதவர்கள் என்று அவர் வாதிட்டார். அதை நான் முழுமையாக ஏற்கவில்லை. அலோயிஸின் தாள்களில் நெப்போலியனும் ஓபராவும் நிறைந்திருக்கிறார்களே! ஆனால் துபுஃபேயின் உழைப்பின் முன் தலைவணங்குகிறேன். விற்றிருந்தால் பெரும்பணம் பார்த்திருக்கலாம். 1971-இல் ஏறத்தாழ 5,000 படைப்புகளை லோசான் நகருக்கு அன்பளிப்பாகவே கொடுத்தார். நகரமும் 18-ஆம் நூற்றாண்டு மாளிகை ஒன்றை அவற்றுக்காக ஒதுக்கியது. இன்று அங்கே 70,000-க்கும் மேற்பட்ட படைப்புகள் உள்ளன. மனநல மருத்துவமனைகளில் பிறந்த ஓவியங்களுக்கு மாளிகைக் கதவைத் திறந்துவிட்ட அந்த ஊருக்கு இந்த அவையின் சார்பில் நன்றி சொல்கிறேன்.