பட்டான் கல்லும் போர்முனைச் செய்தியும்

தருமபுரியில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்

பெரியோர்களே, தாய்மார்களே, இதழியல் படிக்கும் தம்பி தங்கைகளே, வணக்கம்.

தருமபுரியின் பழைய பெயரான தகடூர் மண்ணில் நின்று போர்ச் செய்தி பற்றிப் பேச வந்தால், சண்டையில் இறந்த வீரனுக்கு நட்ட நடுகல்லைத் தாண்டிப் போக வழியில்லை. நம் ஊர் அருங்காட்சியகத்தில் இருக்கும் பழந்தமிழ் எழுத்தான வட்டெழுத்தில் பொறித்த நடுகல் ஒன்றின் முன்னால் போய் நில்லுங்கள். எந்த அரசனுக்கு எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்த ஊர்த் தொறுவை, அதாவது மாட்டு மந்தையை, யார் கவர்ந்தார்கள், மீட்கப் போய் ‘பட்டான்’, அதாவது இறந்தவன், யார், அவன் யாருடைய சேவகன் என்று சில வரிகளில் சொல்லி முடித்துவிடும். நாள், இடம், ஆள், காரணம். போர்முனை நிருபரிடம் இன்றைக்கும் நாம் எதிர்பார்ப்பது இந்த நான்கைத்தான்.

ஆனால் அந்தக் கல்லை வெட்டியபோது வீரன் இறந்துபோயிருந்தான். அவன் நின்ற இடத்தை ஊரறியச் சொன்னாலும் அவனுக்கு இனி ஒரு கேடும் இல்லை. இன்றைய செய்தி, ஆள் இன்னும் பதுங்குகுழிக்குள் உயிரோடு உட்கார்ந்திருக்கும்போதே உலகம் சுற்றிவிடுகிறது. நடுகல் செதுக்கியவனுக்கு வராத கவலை இது.

2022 ஆகஸ்டில் கிழக்கு உக்ரைனின் பொபாஸ்னா நகரில் நடந்ததைப் பாருங்கள். ரஷ்யத் தரப்பு நிருபர் ஒருவர் வாக்னர் கூலிப்படை தங்கியிருந்த கட்டடத்துக்குப் போய், எடுத்த படங்களை டெலிகிராமில் போட்டார். ஒரு படத்தில் தெருப் பெயரும் கட்டட எண்ணும் எழுதிய பலகை தெரிந்தது. சில நாட்களில் உக்ரைனின் ராக்கெட்டுகள் அந்தக் கட்டடத்தைத் தாக்கின. அவர் போனது தம் தரப்பு வீரர்களைப் பெருமையாகக் காட்டத்தான்.

பெயர்ப்பலகையை மறைத்தால் போதுமா என்றால், போதாது. தண்ணீர்த் தொட்டி, புகைபோக்கி, தேவாலயக் கூம்பு, மின்கம்பி போகும் திசை, வயல் ஓரத்து மர வரிசை, இவற்றில் இரண்டு கிடைத்தாலே செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிட்டு இடத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள். நிழலின் நீளம் நேரத்தைச் சொல்லும். காணொளியில் குண்டு வெடித்த வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் இடையே 3 நொடி இருந்தால் தூரம் ஏறக்குறைய 1 கிலோமீட்டர்; ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும் என்பது பள்ளிக்கூடக் கணக்கு. படக்கோப்பின் உள்ளே, எடுத்த இடத்தைச் சொல்லும் ஜி.பி.எஸ். குறிப்பு ஒளிந்திருக்கும். வாட்ஸப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது நீங்கிவிடும். ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்பினால் அப்படியே போய்ச் சேரும். செய்தி அறைக்கு நல்ல தரத்தில் படம் வேண்டுமென்று பலரும் செய்வது இரண்டாவதைத்தான். எனவே முகத்துக்கு நெருக்கமாக எடுங்கள், வானத்து ஓரத்தை வெட்டுங்கள், படைப்பிரிவு அந்த இடத்தைவிட்டு நகர்ந்த பிறகு வெளியிடுங்கள். தாமதமாக வந்த செய்தி கெட்டுப்போன செய்தி அல்ல.

அடுத்து, நிருபர் அங்கே போய்ச் சேரும் வழி. உக்ரைன் போர்முனையில் இப்போது பீரங்கியைவிட அதிகம் அஞ்சுவது எஃப்.பி.வி. ட்ரோனுக்கு. ஓட்டுபவர் கண்ணில் திரைக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, ட்ரோனின் கேமரா வழியாகவே பார்த்து, காரையும் ஆளையும் துரத்துவார். முன்வரிசைக்குப் பின்னால் 10, 20 கிலோமீட்டர் வரை சாலையில் பகலில் போவதே ஆபத்து. பல சாலைகளுக்கு மேலே மீன்வலையைப் பந்தல் போட்டதுபோலக் கட்டியிருக்கிறார்கள். ட்ரோனின் அலைவரிசையைப் பிடித்து எச்சரிக்கும் கையடக்கக் கருவி உண்டு. ஆனால் மெல்லிய கண்ணாடி இழையைப் பின்னால் அவிழ்த்துக்கொண்டே பறக்கும் ட்ரோன் ரேடியோ அலையே அனுப்பாது. அதனால் கருவியும் ஊமையாக இருக்கும், ரேடியோ அலையைக் குழப்பும் ஜாமரும் பலிக்காது. கருவி கத்தவில்லை என்று நிம்மதி கொள்வதுதான் தவறு. காரின் கண்ணாடியை இறக்கிக் காதைத் தீட்டி வைத்திருப்பதும், மூடுபனியிலோ விடியல், அந்தி மயங்கலிலோ நகர்வதும் இதனால்தான்.

2025 அக்டோபர் 3 அன்று கிழக்கு உக்ரைனின் துருஷ்கிவ்கா அருகே பிரெஞ்சுப் புகைப்படக்காரர் அந்தோனி லாலிக்கான் ட்ரோன் தாக்கி இறந்தார். அவர் அணிந்திருந்த கவசத்தில் ‘பிரஸ்’ என்று எழுதியிருந்தது. சட்டம் அவர் பக்கம்தான் இருந்தது: ஜெனீவா உடன்படிக்கைகளின் முதலாம் கூடுதல் நெறிமுறை, 79ஆம் பிரிவு, நிருபரைப் பொதுமக்களில் ஒருவராகவே கருதச் சொல்கிறது. அந்த எழுத்தைக் கண்டு தாக்காமல் விலகும் காலம் போய்க்கொண்டிருப்பதை நினைத்தால் மனம் பதறுகிறது.

காயத்தைப் பற்றி எழுதும் நிருபருக்கு மருத்துவம் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். கையிலோ காலிலோ ரத்தம் பீறிட்டால் காயத்துக்கு 5 முதல் 7 சென்டிமீட்டர் மேலே, மூட்டின் மேல் படாமல், ரத்தத்தை நிறுத்த இறுக்கிக் கட்டும் டூர்னிகெட் பட்டையைப் போட்டு, அதிலுள்ள குச்சியைத் திருகி, ரத்தம் நின்றதும் பூட்டி, கட்டிய நேரத்தை அதிலேயே எழுத வேண்டும். மலிவுப் போலியில் திருகும்போதே குச்சி முறிந்துவிடும். கட்டிய கையோ காலோ 2 மணி நேரம் வரை பெரும்பாலும் தாங்கும். 6 மணி நேரத்தைத் தாண்டினால் அந்த உறுப்பு பிழைப்பது அரிது. ட்ரோன் பயத்தால் ஆம்புலன்ஸ் அருகே வர முடியாமல் காயம்பட்டவர் பல மணி நேரம், சில வேளை நாள்கணக்கில் கிடக்கிறார். ஆகவே காலை இழந்த வீரரிடம் ‘எந்தக் குண்டு?’ என்று மட்டும் கேட்டு எழுந்துவிடாதீர்கள். பட்டையை எப்போது கட்டினார்கள், யார் தளர்த்திப் பார்த்தார்கள், எத்தனை மணிக்கு மருத்துவமனை சேர்ந்தார் என்று கேளுங்கள். காலைப் பறித்தது குண்டா, தாமதமா என்பது அந்தப் பதிலில்தான் தெரியும்.

தூக்கமில்லாமல் குழியிலிருந்து வந்தவர் எதற்கும் தலையாட்டுவார். அந்தச் சம்மதம் சம்மதமல்ல. தூங்கி எழுந்த பின் மறுபடி கேளுங்கள். இறந்தவர் பெயரும் முகமும் அவர் வீட்டுக்குத் தகவல் போய்ச் சேரும்முன் வெளிவரக் கூடாது. கைதியைக் காட்சிப்பொருளாக்கக் கூடாது என்று மூன்றாம் ஜெனீவா உடன்படிக்கையின் 13ஆம் பிரிவு சொல்கிறது. இணையத்தில் அது தினம் தினம் மீறப்படுகிறது.

நம் நாட்டில், பயங்கரவாத எதிர்ப்பு நடவடிக்கையை நேரலையில் காட்டக் கூடாது, அதிகாரி தரும் விளக்கம் மட்டும் போதும் என்று கேபிள் டி.வி. விதிகளில் 6(1)(p) என்ற பிரிவு உண்டு. 2025 ஏப்ரலில் ஒன்றிய அரசு அதை நினைவூட்டி, ராணுவ நடமாட்டத்தையும் நேரலையில் காட்ட வேண்டாம் என்றது. விதி சரியானதே. ஆனால் நடவடிக்கை முடிந்த பிறகும் கேள்வி கேட்காமலிருக்க அதைச் சாக்காகச் சொல்வது சரியல்ல. இன்னொன்று, இது தொலைக்காட்சிக்கான விதி. பட்டாளத்தில் பிள்ளை இருக்கும் வீட்டில், அவன் ஏறிய ரயிலையும் போகும் முகாமையும் உறவினர் குழுவில் போடுவதை எந்தக் கேபிள் விதியும் தடுக்காது. வீட்டுப் பெரியவர்தான் தடுக்க வேண்டும்.

கடைசியாக, எண்ணிக்கை. இரு தரப்பும் எதிரியின் சாவைக் கூட்டியும் தம் சாவைக் குறைத்தும் சொல்லும். மீடியாசோனா என்ற ரஷ்ய ஊடகமும் பிபிசியின் ரஷ்யச் சேவையும் வேறு வழி கண்டார்கள். இரங்கல் குறிப்பு, உறவினர் பதிவு, உள்ளூர்ச் செய்தி என்று தேடி, இறந்த ரஷ்ய வீரர்களைப் பெயர் பெயராகச் சேர்க்கிறார்கள். தன்னார்வலர்கள் இடுகாட்டுக்குப் போய்ப் புதிய கல்லறைகளைப் படமெடுத்து அனுப்புகிறார்கள். பெயர், பிறந்த தேதி, இறந்த தேதி. அவர்களும் கல்லைப் படித்துத்தான் எண்ணுகிறார்கள்.