புயலுக்கு மேலே வீசும் காற்று

நண்பர்களே, புயல் சின்னம் என்றதும் கடல் எவ்வளவு சூடாக இருக்கிறது என்றுதான் முதலில் கேட்கிறோம். சரியான கேள்விதான். கடல்மேற்பரப்பு சுமார் 26.5 டிகிரி செல்சியஸாவது இல்லாவிட்டால் வெப்பமண்டலப் புயல் எளிதில் உருவாகாது. ஆனால் உயரத்தில் வீசும் காற்றைப் பற்றியும் அதே அக்கறையோடு கேட்க வேண்டும் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

சுமார் 1.5 கிலோமீட்டர் உயரத்தில் வீசும் காற்றும் 12 கிலோமீட்டர் உயரத்தில் வீசும் காற்றும் வேகத்திலோ திசையிலோ மாறுபட்டால், அந்த மாறுபாடுதான் காற்று முறிவு, விண்ட் ஷியர். அது மணிக்கு 35 கிலோமீட்டருக்குள் இருந்தால் புயல் வளர வழி உண்டு. அதற்கு மேல் போகப் போகத் திணறும்.

ஏன் திணறுகிறது? ஈரக்காற்று மேலேறி மேகமாகும்போது வெப்பம் வெளிப்படுகிறது. அந்த வெப்பம் மையத்துக்கு மேலேயே சேர்ந்தால்தான் கீழே காற்றழுத்தம் இறங்கும். மேல்காற்று வேறு பக்கம் இழுத்தால் சுழற்சியே சாய்ந்துவிடும், வெப்பம் சிதறிப்போகும். அப்புறம் இன்னொரு அடி, என் பார்வையில் இதுதான் பெரியது: சாய்ந்த புயலுக்குள் நடுமட்டத்திலிருந்து வறண்ட காற்று நுழைகிறது. மழைத்துளிகள் அதில் ஆவியாகின்றன. அதனால் குளிர்ந்து கனத்த காற்று கீழே இறங்கி, மையத்தை நோக்கிப் போகும் ஈரக்காற்றோடு கலந்து அதன் வலுவைக் குறைக்கிறது.

வங்கக்கடலைப் பாருங்கள். ஜூலை, ஆகஸ்டிலும் அது சூடாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அந்த மாதங்களில் கடும்புயல் அரிது. கீழே தென்மேற்குப் பருவக்காற்று, மேலே அதற்கு எதிராகக் கிழக்கிலிருந்து பாயும் ஜெட் எனும் அதிவேகக் காற்று. இரண்டுக்கும் இடையே காற்று முறிவு வலுவாக இருக்கும். அதனால்தான் கடும்புயல்கள் பெரும்பாலும் பருவமழைக்கு முன்னும் பின்னும் வருகின்றன. பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ ஆண்டுகளில், அட்லாண்டிக்கில் ஹரிக்கேன் எனப்படும் கடும்புயல்கள் குறைவதற்கும் காற்று முறிவு ஒரு முக்கியக் காரணம். தென் அட்லாண்டிக்கில் அது பெரும்பாலும் வலுவாகவே இருக்கும். 2004 மார்ச்சில் அது தளர்ந்த நேரத்தில் கேட்டரினா புயல் வளர்ந்து பிரேசிலைத் தாக்கியது.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். காற்று முறிவால் புயல் வலுவிழந்தது என்ற செய்தி, மழை போய்விட்டது என்று பொருள்படாது. மேகக்கூட்டம் மையத்தை விட்டு ஒரு பக்கமாக ஒதுங்கும், கனமழையும் அங்கேதான் கொட்டும். வரைபடத்தில் மையப்புள்ளி தள்ளி இருக்கிறது என்று நிம்மதியாக இருக்கும் ஊரிலேயே வெள்ளம் வரலாம்.