வெள்ளைக் கோட்டுக்கு இந்தப் பக்கம்

வணக்கம் நேயர்களே. பவளம் என்றதும் மோதிரத்தில் பதிக்கிற சிவப்புக் கல்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். அது வேறு வகை. அது திட்டு எதையும் கட்டுவதில்லை. நான் பேச வந்தது வெதுவெதுப்பான, ஆழம் குறைந்த கடலில் பாறைத் திட்டுகளைக் கட்டி எழுப்புகிற பவளத்தைப் பற்றி.

பவளத்திட்டு உள்ள ஒரு தீவின் கரையில் நின்று பாருங்கள். தூரத்தில் சுண்ணாம்பால் கோடு இழுத்தது போல அலை உடைந்து நுரைத்துக்கொண்டிருக்கும். கோட்டுக்கு இந்தப் பக்கம் தண்ணீர் குளம் மாதிரி கிடக்கும். பல கடல்களில் எடுத்த அளவுகளைத் தொகுத்து 2014-இல் ஓர் ஆய்வு வந்தது. கரையை நோக்கி வரும் அலையின் ஆற்றலில் சராசரியாக 97 சதவீதத்தைத் திட்டே வாங்கிக்கொள்கிறதாம். கரைக்கு வந்து சேர்வது மிச்சம்தான்.

இந்த வேலைக்கு என்ன விலை என்று மாலத்தீவுக்குத் தெரியும். வீடு கட்டப் பவளக் கல்லை வெட்டி எடுத்தார்கள். தலைநகர் மாலேயில் இடம் போதவில்லை என்று திட்டின் மேல் மண்ணைக் கொட்டி நிலமாக்கினார்கள். 1987-இல் பெரிய அலைகள் ஊருக்குள் புகுந்தன. அப்புறம் ஜப்பானின் உதவியோடு கான்கிரீட் தடுப்புகளைக் கட்ட வேண்டியதாயிற்று. கான்கிரீட் போட்ட நாளிலிருந்து தேயத்தான் செய்யும். பவளம் தன்னைத் தானே பூசி மெழுகிக்கொள்ளும்.

காரணம், அது உயிரோடு இருக்கிறது. பார்க்கச் செடி போல, தொட்டால் கல் போல இருந்தாலும் பவளம் ஒரு விலங்கு, ஜெல்லிமீனுக்குச் சொந்தம். அரிசி அளவு, பட்டாணி அளவு உயிர்கள் ஆயிரக்கணக்கில் கூடி, தங்களுக்கு அடியில் சுண்ணாம்பைச் சுரந்து அதன் மேல் குடியிருக்கின்றன. அவற்றின் சதைக்குள் நுண்ணிய பாசி வாழ்கிறது. பாசி வெயிலில் சமைத்துத் தருவதுதான் பவளத்தின் உணவில் பெரும்பங்கு. வண்ணத்திலும் பெரும்பகுதி பாசியுடையதே.

எரிமலைத் தீவு மெல்ல அமிழ அமிழ, பவளம் அதன் மேல் வளர்ந்துகொண்டே வருகிறது என்று 1842-இல் சார்லஸ் டார்வின் எழுதினார். 1950-களில் பசிபிக்கின் எனிவெட்டோக் தீவில் துளையிட்டுப் பார்த்தபோது, 1,200 மீட்டருக்கும் மேல் சுண்ணாம்பைத் தாண்டிய பிறகுதான் எரிமலைப் பாறை தட்டுப்பட்டது. அத்தனையும் இந்தச் சின்ன உயிர்களும் அவற்றோடு வாழ்ந்தவையும் விட்டுச்சென்றவை.

ஆனால் கட்டுவது ஒரு பக்கம் நடக்க, இடிப்பதும் நடந்துகொண்டே இருக்கிறது. புயல் உடைக்கும். கடற்பஞ்சு என்கிற கடல் உயிர் துளைக்கும். கிளிமீன், பாறை மேல் படரும் பாசிக்காக (பவளத்தின் சதைக்குள் வாழும் பாசி வேறு) பாறையைக் கொறித்து மணலாகக் கழியும். நாம் ஆசையாகக் கால் பதிக்கிற பல வெள்ளை மணற்கரைகளில் கணிசமான பங்கு கிளிமீனின் கழிவுதான்! அதற்காக அதைப் பகையாளி என்று நினைத்துவிடாதீர்கள். ஜமைக்காவில் பாசி தின்னும் மீன்களை வரம்பில்லாமல் பிடித்தார்கள். பாசியை மேய மிஞ்சியிருந்த கடல் முள்ளெலிகளும் 1983-இல் நோய் வந்து மடிந்தன. மேய ஆளில்லாமல் பாசி பவளத்தை மூடிவிட்டது. 1970-களின் இறுதியில் கடலடியில் ஏறத்தாழ பாதியை மூடியிருந்த பவளம், 1990-களின் தொடக்கத்தில் 5 சதவீதத்துக்கும் கீழே போனது.

மீனைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கடலடியில் ஒரு சதவீதம்கூட இல்லாத பவளத்திட்டுகளில் கடல் உயிரினங்களில் கால்வாசி ஏதோ ஒரு பருவத்தில் அண்டி வாழ்கின்றன. மருந்தும் உண்டு. இரத்தப் புற்றுநோய்க்குத் தருகிற சைட்டராபின், கரீபியக் கடற்பஞ்சு ஒன்றில் கிடைத்த பொருளைப் பார்த்து உருவானது.

சரி, இப்போது எது குலைகிறது? கோடையில் வழக்கமாக எட்டும் உச்ச வெப்பத்துக்கு மேல் ஒரே ஒரு டிகிரி கூடி, சில வாரம் நீடித்தால் போதும். பவளம் தன் பாசியை வெளியே தள்ளிவிடுகிறது. நிறம் போய் எலும்பு தெரிகிறது. இதை வெளிறல் என்கிறோம். வெளிறியது செத்ததல்ல, பட்டினி கிடக்கிறது. தண்ணீர் சீக்கிரம் குளிர்ந்தால் பாசி திரும்பும். இல்லாவிட்டால் செத்துப்போகும். செத்த திட்டு மறுபடி தழைக்க, வேகமாக வளரும் வகைகளுக்கே பத்தாண்டாவது வேண்டும்.

அந்த அவகாசம்தான் இப்போது இல்லை. 1980-களின் தொடக்கத்தில் ஒரே திட்டு கடுமையாக வெளிறுவது 25, 30 ஆண்டுக்கு ஒருமுறை. 2010-களில் அது ஆறு ஆண்டுக்கு ஒருமுறையாகிவிட்டது. 2023-இல் தொடங்கிய உலகளாவிய வெளிறலில் உலகின் 84 சதவீதத் திட்டுகள் வெளிறச் செய்யும் அளவு சூட்டுக்கு ஆளாயின. கட்டும் கை ஓய்ந்தாலும் இடிக்கும் கை ஓயாது. எலும்பு நொறுங்கி, மேடு தட்டையாகி, ஒருநாள் அலை அந்த வெள்ளைக் கோட்டில் நிற்காமல் உள்ளே வரும்.

மெக்சிகோவின் குயின்டானா ரோ மாநிலத்தில், கட்டடத்துக்கு எடுப்பது போலவே பவளத்திட்டுக்கும் காப்பீடு எடுத்தார்கள். 2020-இல் டெல்டா சூறாவளி அடித்ததும் பணம் வந்தது. பயிற்சி பெற்றவர்கள் கடலில் மூழ்கி, உடைந்த துண்டுகளைப் பொறுக்கி மறுபடி ஒட்டினார்கள். எனக்குப் பிடித்த ஏற்பாடு அது. ஆனால் அந்தக் காப்பீடு காற்றின் வேகத்தை வைத்துத்தான் பணம் தந்தது. கடல் சூடானால் கிடையாது.