மாநாட்டுக்கு முன்பா, பின்பா?

வணக்கம் நேயர்களே. கட்டற்ற மென்பொருள் மாநாடுகளை நடத்தும் குழுக்களோடு சில ஆண்டுகளாக வேலை செய்து வருகிறேன். அங்கே ஒவ்வொரு முறையும் கடைசி நேரம் வரை இழுபடும் ஒரு விஷயத்தைப் பற்றி இன்று பேசலாம் என்று வந்திருக்கிறேன். ஸ்பிரின்ட்டை எந்தத் தேதிகளில் வைப்பது என்பதுதான் அது.

இதைக் கேள்விப்படாதவர்களுக்கு முதலில் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கட்டற்ற மென்பொருள் என்றால் அதன் நிரலை யாரும் படிக்கலாம், மாற்றலாம், பகிரலாம். அப்படி ஒன்றை எழுதுபவர்கள் பல ஊர்களில், பல நாடுகளில் இருப்பார்கள். அவர்களுக்குள் பழக்கமெல்லாம் மின்னஞ்சலிலும் நிரலுக்கு எழுதும் குறிப்புகளிலும்தான். ஆண்டுக்கு ஒருமுறை மாநாட்டில் நேரில் பார்த்துக்கொள்கிறார்கள். வந்ததே வந்தோம், இன்னும் இரண்டு மூன்று நாள் தங்கி, ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து நிரல் எழுதிவிட்டுப் போவோம் என்று எண்ணுகிறார்கள். அந்த நாட்களைத்தான் ஸ்பிரின்ட் என்கிறோம். ஹேக்கத்தான் என்றும் சொல்வார்கள். ஆனால் பரிசும் போட்டியும் இதில் கிடையாது. 1999 ஜூனில் ஓப்பன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தை எழுதும் குழுவினர் பத்துப் பேர் கனடாவின் கால்கரியில் இப்படிக் கூடினார்கள். தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றும் மறையாக்க நிரலை ஏற்றுமதி செய்ய அமெரிக்கச் சட்டம் அப்போது தடை போட்டிருந்ததால், எல்லைக்கு வெளியே உட்கார்ந்து எழுத வேண்டியிருந்தது. ஸ்பிரின்ட் என்ற பெயர் பைத்தான் என்ற நிரல்மொழியின் உலகத்தில் பரவியதற்கு, அந்த மொழியில் எழுதப்பட்ட ஸோப் என்ற திட்டத்தில் வேலை செய்தவர்கள் முக்கியக் காரணம்.

சரி, தேதிக்கு வருவோம். பைத்தான்காரர்களுக்காக அமெரிக்காவில் நடக்கும் பைகான் மாநாட்டைப் பாருங்கள். 2003-இல் தொடங்கியபோது ஸ்பிரின்ட் முதலில், மாநாடு பிறகு. 2005 வரைக்கும் அப்படித்தான். 2006-இல் மாற்றினார்கள்: மாநாடு முடிந்த மறுநாள் ஸ்பிரின்ட் தொடங்கியது. அந்த வரிசையே இன்றுவரை நிலைத்திருக்கிறது. டெபியன் என்ற இயங்குதளத்தை உருவாக்கும் குழு வேறு வழியில் போகிறது. அங்கே டெப்கேம்ப் என்ற வேலை வாரம் முன்னால் வரும், மாநாடு அடுத்து வரும். 2023-இல் கொச்சியில் நடந்தபோதும் செப்டம்பர் 3 முதல் 9 வரை வேலை வாரம், 10 முதல் 17 வரை மாநாடு.

இரண்டும் சரிதான் என்று சொல்லி நான் ஒதுங்கப் போவதில்லை. முன்னால் வைத்தால் ஏற்கெனவே அந்த மென்பொருளை எழுதிக்கொண்டிருப்பவர்கள்தான் வருவார்கள். அவர்களுக்கு அது நல்ல ஏற்பாடு. களைப்பில்லாமல் உட்காரலாம், ஆண்டு முழுக்க நின்றுபோன விவாதங்களை முடிக்கலாம், மாநாட்டு மேடையில் முடிவைச் சொல்லலாம். புதியவர் ஒருவர் அங்கே எப்படி வருவார்? அந்தத் திட்டம் இருப்பதே அவருக்கு மாநாட்டு உரையைக் கேட்ட பிறகுதானே தெரியும்! உரையைக் கேட்டு, உரையாற்றியவரோடு தேநீர் இடைவேளையில் இரண்டு வார்த்தை பேசி, “நாளைக்கு எங்கள் மேசைக்கு வாருங்கள்” என்று அவர் கூப்பிட்டால்தான் புதியவருக்குத் துணிவு வரும். அந்த நாளை மாநாட்டுக்குப் பிறகுதான் வைக்க முடியும். புது ஆட்கள் வேண்டும் என்று நினைக்கும் எந்தத் திட்டமும் ஸ்பிரின்ட்டைப் பின்னால்தான் வைக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். மாநாடு நடக்கும் நாட்களிலேயே பக்கத்து அறையில் வைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒருவர் எழுந்து உரை கேட்கப் போய்விடுவார்.

மென்பொருளின் வெளியீட்டு நாட்காட்டியும் இருக்கிறது. பைத்தானின் புதிய பதிப்பு ஆண்டுதோறும் அக்டோபரில் வருகிறது. அதன் முதல் பீட்டா, அதாவது சோதனைப் பதிப்பு, மே மாதத்தில். பீட்டா வந்துவிட்டால் அந்தப் பதிப்பில் புதிய வசதி எதையும் சேர்க்க மாட்டார்கள். அண்மை ஆண்டுகளில் பைகான் நடப்பதும் ஏப்ரல், மே மாதங்களில்தான். ஆகவே ஒரு வாரம் முன்னே பின்னே போனாலும் மேசையில் நடக்கும் வேலையே மாறிவிடும்: பீட்டாவுக்கு முன்னால் ஸ்பிரின்ட் வந்தால் புதிய வசதிகளை முடிக்கும் அவசரம், பீட்டாவுக்குப் பின்னால் வந்தால் பிழை திருத்தமும் ஆவணமும். புதியவர்களுக்கு இரண்டாவதுதான் ஏற்றது. தேதி குறிக்கும் முன் அந்த நாட்காட்டியை ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.

நாங்கள் நடத்திய ஒரு மாநாட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு கல்லூரி மாணவி ஸ்பிரின்ட்டின் முதல் நாள் காலை ஒன்பது மணிக்கே வந்து உட்கார்ந்தார். நிரலை இறக்கி, தொகுக்கத் தொடங்கினார், அதாவது கணினியில் ஓடும் வடிவுக்கு மாற்றத் தொடங்கினார். பிழைச் செய்தி வந்தது. போதாக்குறைக்கு, அறையில் இருந்த எல்லாரும் ஒரே நேரத்தில் இறக்கியதால் வைஃபை திணறியது. மறுபடி முயன்றார், மறுபடி அதே பிழை. பதினோரு மணிக்கு லேப்டாப்பை மூடிவைத்துவிட்டு மற்றவர்கள் பேசுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மதியம், வரும் மாற்றங்களைச் சரிபார்த்து இணைக்கும் பராமரிப்பாளர் ஒருவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்தார். அந்த மென்பொருளுக்குத் தேவையான ஒரு நூலகத்தின், அதாவது துணை நிரல் தொகுப்பின், பழைய பதிப்பு கணினியில் இருந்தால் தொகுப்பு நின்றுவிடும். அந்தத் தகவல் நிறுவும் குறிப்பில் எங்குமே இல்லை. “இதையே எழுதிச் சேர்த்துவிடுங்கள், உங்கள் முதல் பங்களிப்பு இதுதான்” என்றார் அவர். மாணவி நான்கு வரி எழுதி அனுப்பினார். அன்று மாலையே அவருக்கு ரயில். ஸ்பிரின்ட் தேதியை நாங்கள் மிகத் தாமதமாக அறிவித்திருந்தோம். அதற்குள் அவர் டிக்கெட் எடுத்துவிட்டிருந்தார். அந்த நான்கு வரியைச் சரிபார்த்து இணைக்க எங்களுக்கு ஐந்து வாரம் ஆனது.

அவருடைய ஒரு நாளில் பாதியை வைஃபையும் விட்டுப்போன குறிப்பும் தின்றன, மீதியை எங்கள் தாமதம் தின்றது. அதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. அதற்குப் பிறகு எங்கள் குழுவில் சில பழக்கங்களை மாற்றினோம். மாநாட்டின் கடைசி மாலையில், உரைகள் முடிந்ததும், கணினியைத் தயார்செய்ய இரண்டு மணி நேரம் ஒதுக்குகிறோம். பைகானிலும் ஸ்பிரின்ட்டுக்கு முந்தைய மாலையில் புதியவர்களுக்கு இப்படி ஒரு அறிமுக வகுப்பு உண்டு. தேவையான கோப்புகளைப் பென்டிரைவில் கொண்டுவருகிறோம். ஸ்பிரின்ட் முடிந்த அடுத்த வாரத்திலும் ஒரு மாலையைப் பராமரிப்பாளர்களின் நாட்காட்டியில் முன்கூட்டியே குறித்துவிடுகிறோம், வந்து குவிந்தவற்றைப் பார்த்து முடிக்க. இந்த மாலையைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் இதுதான் அட்டவணையின் மிக முக்கியமான பகுதி.

அடுத்த ஆண்டு மாநாட்டை அறிவித்தபோது, மாநாட்டுத் தேதியையும் ஸ்பிரின்ட் தேதியையும் ஒரே வரியில் போட்டோம். அந்த மாணவியும் வந்திருந்தார். ஸ்பிரின்ட்டின் கடைசி நாள் இரவு ரயிலுக்குத்தான் இந்த முறை டிக்கெட். தயார்செய்யும் மாலையில் புதிதாக வந்த இருவரின் நடுவே உட்கார்ந்து, தான் எழுதிய அந்த நான்கு வரியைத் திரையில் காட்டிக்கொண்டிருந்தார். நன்றி, வணக்கம்.